மாயாவியைப் படைத்தவர்

1999-ம் ஆண்டு. நியூயார்க் நகரம்.

ஒரு முதியவர் நோயோடு போராடிக்கொண்டு இருந்தார். வயது 87. இதயம் தளர்ந்துவிட்டது. மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது. முகத்தில் பிராணவாயு முகமூடி மாட்டி இருந்தார்கள்.

அந்த நிலையிலும் அவர் சும்மா படுத்து இருக்கவில்லை. முகமூடியைப் பிடுங்கி எடுத்தார். மூச்சு இரைக்க இரைக்க, சொல்லிக்கொண்டே போனார்.

அவர் சொன்னது உயில் அல்ல. கதை!

பத்திரிகையில் தினமும் வரும் சித்திரக் கதை. அதன் மிச்சப் பகுதி நின்றுவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. முகமூடி போட்ட ஒரு வீரரின் கதையைச் சொல்வதற்காக, அவர் தம் முகமூடியைக் கழற்றினார்.

அந்த முதியவரின் பெயர் லீ பால்க். அவர் படைத்த வீரரை ஆங்கிலத்தில் பான்டம் என்பார்கள். இந்திப் பிள்ளைகளுக்கு அவர் வேதாள். வங்காளிப் பிள்ளைகளுக்கு அரண்யதேவ். தமிழ்ப் பிள்ளைகளுக்கு முகமூடி வீரர் மாயாவி.

(இரும்புக்கை மாயாவி வேறு ஆள். அவர் இங்கிலாந்துப் பத்திரிகையில் பிறந்தவர்.)

தந்தையை அறியாத குழந்தை

அமெரிக்காவில் மிசௌரி மாநிலம். அங்கே செயின்ட் லூயி என்ற ஊர். 1911-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ந் தேதி அந்த ஊரில் பால்க் பிறந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் லியான் ஹாரிசன் கிராஸ். யூதக் குடும்பம்.

கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந் தந்தை நல்லவர். பையனைத் தம் சொந்தப் பிள்ளையைப் போலவே வளர்த்தார்.

வீட்டில் செல்லமாகக் கூப்பிட்ட பெயர் லீ. பின்னால் அவரே பால்க் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

பையனுக்குப் புத்தகம் என்றால் உயிர். ஆர்தர் ராஜாவின் வீரக் கதைகள், ஸ்பெயின் நாட்டு வீரன் எல் சிட் கதை, காட்டிலே வளர்ந்த டார்ஜான் கதை, கிப்ளிங் எழுதிய மோக்ளி கதை என்று ஒன்று விடாமல் படித்தார். படித்தது வீண் போகவில்லை. பிற்காலத்தில் மாயாவியின் காட்டில் வாழும் குள்ளர்களுக்குப் பந்தார் என்று பெயர் வைத்தாரே, அது எங்கிருந்து வந்தது? மோக்ளி கதையில் வரும் குரங்குக் கூட்டத்தின் பெயரில் இருந்துதான்! இந்தியில் பந்தர் என்றால் குரங்கு. இந்தியச் சொல் ஒன்று கிப்ளிங் வழியாக அமெரிக்கா போய், ஆப்பிரிக்கக் காட்டுக்கு வந்து சேர்ந்தது.

பெரிய பொய்

இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பால்க் படித்தார். படிக்கும்போதே மனதில் ஒரு கதை உருவாயிற்று. ஒரு மந்திரவாதியின் கதை. உயரமான தொப்பி, மெல்லிய மீசை, தோளிலே அங்கி. கையை அசைத்தால் போதும். எதிரியின் கண்ணுக்குத் துப்பாக்கி வாழைப்பழமாகத் தெரியும். அவர்தான் மாண்ட்ரேக்.

இரண்டு வாரத்துக்கு வேண்டிய படங்களைப் பால்க் தாமே வரைந்தார். மாண்ட்ரேக்கின் முகம் அசல் பால்க்கின் முகம் போலவே இருந்தது. காரணம் கேட்டவர்களிடம், அறையில் தனியாக உட்கார்ந்து வரைந்தபோது எதிரே இருந்தது ஒரு கண்ணாடிதான் என்று சொல்லிச் சிரிப்பார்.

படங்களை எடுத்துக்கொண்டு நியூயார்க் போனார். அங்கே கிங் பீச்சர்ஸ் என்ற கம்பெனி இருந்தது. சித்திரக் கதைகளை விலைக்கு வாங்கி, நூற்றுக்கணக்கான பத்திரிகைகளுக்கு அனுப்பும் கம்பெனி அது. மாண்ட்ரேக் கதையை அந்தக் கம்பெனி வாங்கிக்கொண்டது.

உலகம் சுற்றும் மந்திரவாதியின் கதையை எழுதுகிறவர் கல்லூரியை விட்டு வந்த பையன் என்றால் நன்றாக இருக்குமா? பால்க் துணிந்து ஒரு பொய் சொன்னார். தாம் உலகம் எல்லாம் சுற்றியவர் என்றும், கீழ்நாட்டு ஞானிகளிடம் பாடம் கேட்டவர் என்றும் கூறினார்.

உண்மை என்ன? செயின்ட் லூயியில் இருந்து நியூயார்க் வந்ததுதான் அவர் அதுவரை செய்த மிக நீண்ட பயணம்!

ஆனால் ஒன்று. பொய்யைப் பொய்யாகவே அவர் விட்டுவிடவில்லை. கையில் பணம் சேர்ந்ததும் ஊர் ஊராக, நாடு நாடாகப் புறப்பட்டார். யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா!

1934-ம் ஆண்டு ஜுன் 11-ந் தேதி மாண்ட்ரேக் பத்திரிகைகளில் தோன்றினார். அப்போது பால்க்குக்கு வயது 23.

முதல் ஓவியர்கள்

கதையும் எழுதிப் படமும் வரைவது ஒரு ஆளால் ஆகிற காரியம் அல்ல என்பது பால்க்குக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. செயின்ட் லூயியில் பில் டேவிஸ் என்ற ஓவியர் இருந்தார். பால்க்கை விட மூத்தவர். கைத்திறன் மிக்கவர். மாண்ட்ரேக் படம் அவர் கைக்குப் போயிற்று.

மாண்ட்ரேக் வெற்றி பெற்றதும், இன்னொரு கதை வேண்டும் என்று கம்பெனி கேட்டது. பால்க், ஆர்தர் ராஜாவின் கதையை எழுதிக் கொடுத்தார். கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது. (பின்னால், 1937-ல், அதே கம்பெனி ஆர்தர் ராஜா காலத்து வீரன் ஒருவனின் கதையை வெளியிட்டது. அது ஹால் பாஸ்டர் படைத்த பிரின்ஸ் வேலியன்ட். உலகப் புகழ் பெற்றது. சில சமயம் பெரிய கம்பெனிகளும் இப்படித்தான்.)

பால்க் மனம் தளரவில்லை. அடுத்த கதையோடு வந்தார். அதுதான் மாயாவி.

1936-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி மாயாவியின் கதை தொடங்கியது. படம் வரைந்தவர் ரே மூர். இவர் பில் டேவிசுக்கு உதவியாளராக இருந்தவர்.

பாதியில் மாறிய கதை

முதல் கதையை எழுதத் தொடங்கியபோது, மாயாவி யார் என்பது பால்க்குக்கே சரியாக முடிவாகவில்லை!

நியூயார்க்கில் ஒரு பணக்கார வாலிபன். பெயர் ஜிம்மி வெல்ஸ். பகலில் சோம்பேறி. இரவில் முகமூடி போட்டுத் திருடர்களைப் பிடிப்பான். இப்படித்தான் அவர் முதலில் நினைத்து இருந்தார். கதை பாதி நடக்கும்போது மனம் மாறியது. மாயாவியைத் தூக்கிக் கொண்டுபோய்க் காட்டில் வைத்தார். ஜிம்மி வெல்ஸ் காணாமலே போய்விட்டான்.

காட்டுக்குப் போன பிறகுதான் கதைக்கு உயிர் வந்தது.

1536-ம் ஆண்டு. கடற்கொள்ளைக்காரர்கள் ஒரு கப்பலைத் தாக்கினார்கள். எல்லோரும் மாண்டார்கள். ஒருவன் மட்டும் உயிரோடு கரை ஒதுங்கினான். காட்டில் வாழும் குள்ளர்கள் அவனைக் காப்பாற்றினார்கள். தந்தையைக் கொன்றவனின் மண்டை ஓட்டின் மீது கை வைத்து அவன் சத்தியம் செய்தான். கொள்ளை, கொடுமை, அநியாயம் ஆகியவற்றை ஒழிப்பேன், எனக்குப் பின் என் மகனும் அவன் மகனும் இதையே செய்வார்கள் என்பது சத்தியம்.

அவன் முதல் மாயாவி. அவனுக்குப் பின் மகன் அதே உடையையும் முகமூடியையும் போட்டுக்கொண்டான். பிறகு பேரன். தலைமுறை தலைமுறையாக ஒரே உடை, ஒரே முகமூடி. ஒருவர் போய் இன்னொருவர் வந்தது வெளியே யாருக்கும் தெரியாது. நானூறு ஆண்டாக ஒரே ஆள்தான் உலாவுகிறார், அவருக்குச் சாவே இல்லை என்று உலகம் நம்பியது.

பால்க்கின் கதையில் வருகிறவர் 21-வது மாயாவி. மண்டை ஓட்டுக் குகையில் வாழ்கிறார். கை மோதிரத்தில் மண்டை ஓடு. அவர் குத்து விட்டால் எதிரியின் தாடையில் அந்த அடையாளம் பதிந்துவிடும். அழியவே அழியாது. குகையில் பெரிய பெரிய நோட்டுப் புத்தகங்கள் அடுக்கி இருக்கின்றன. ஒவ்வொரு மாயாவியும் தம் காலத்தில் நடந்ததை அதில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார். அடுத்தவர் தொடர்ந்து எழுதுகிறார்.

உடம்போடு ஒட்டிய உடை, கண்ணை மறைக்கும் முகமூடி, கருவிழி தெரியாத வெள்ளைக் கண். இன்றைக்கு இந்தக் கோலத்தில் எத்தனையோ வீரர்கள்! சூப்பர்மேன் வந்தது 1938-ல். பேட்மேன் வந்தது 1939-ல். மாயாவி இருவருக்கும் முன்னால் வந்தவர். கருவிழி இல்லாத கண் யோசனை, பழைய கிரேக்கக் கற்சிலைகளைப் பார்த்து வந்தது.

உடையின் நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. பால்க் மனதில் நினைத்தது சாம்பல் நிறம். தினசரிப் படத்தில் நிறம் கிடையாது. 1939-ல் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் படம் தொடங்கியபோது, அச்சில் ஊதா நிறம் வந்துவிட்டது. சுவீடனில் நீலம் ஆயிற்று. இத்தாலியில் சிவப்பு ஆயிற்று. பால்க் கடைசியில் ஊதாவையே ஏற்றுக்கொண்டார்.

வாரத்துக்கு 14 படங்கள்

திங்கள் முதல் சனி வரை வருவது ஒரு கதை. ஞாயிற்றுக்கிழமை வண்ணத்தில் வருவது வேறு கதை. மாயாவிக்கு இப்படி இரண்டு. மாண்ட்ரேக்குக்கும் இப்படி இரண்டு. ஆக, ஒரே சமயத்தில் நான்கு கதைகள் பால்க்கின் தலையில் ஓடிக்கொண்டு இருக்கும்! வாரத்துக்கு 14 பகுதி எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் யார் நிற்கிறார், என்ன செய்கிறார், என்ன பேசுகிறார் என்று எழுதி ஓவியருக்கு அனுப்ப வேண்டும்.

காய்ச்சல் வந்தாலும், கல்யாணம் வந்தாலும், பத்திரிகை நிற்காது. பண்டிகை நாளிலும் படம் வந்தாக வேண்டும்.

இவ்வளவுக்கும் இது அவருடைய அரை வேலைதான். மற்ற அரை வேலை நாடகம்!

பால்க்குக்கு நாடகத்தின் மீது தீராத ஆசை. நாடகக் கொட்டகைகள் நடத்தினார். நாடகம் எழுதினார். சுமார் 300 நாடகங்களைத் தயாரித்தார். அவற்றில் 100 நாடகங்களைத் தாமே இயக்கினார். பின்னால் சினிமாவில் பெரும் புகழ் பெற்ற சார்ல்டன் ஹெஸ்டன், பால் நியூமன் முதலியோர் அவர் மேடையில் நடித்து இருக்கிறார்கள்.

1953-ல் மார்லன் பிராண்டோ அவரிடம் நடித்தார். பெர்னார்ட் ஷாவின் நாடகம். நியூயார்க் மேடையில் பிராண்டோவுக்கு வாரம் 10 ஆயிரம் டாலர் தருகிறோம் என்று அழைப்பு வந்தது. அதை விட்டுவிட்டு, வாரம் 500 டாலருக்கும் குறைவான சம்பளத்துக்குப் பால்க்கிடம் வந்தார். அவ்வளவு மரியாதை!

நாடக மேடையில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் ஒன்றுதான். நடிகர் மாறுவார். நேற்று ஒருவர் ராஜா வேஷம் கட்டினால் நாளைக்கு இன்னொருவர் கட்டுவார். கொட்டகை நடத்தியவருக்கு இது புதிது அல்ல. தம் சித்திரக் கதையிலும் அது நடக்கப் போகிறது என்பதை அவர் யுத்த காலத்தில் கண்டார்.

ஓவியர் மாறினார்

இரண்டாவது உலகப் போர் வந்தது. பால்க், அரசாங்கத்தின் போர்ச் செய்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். ரே மூர் ராணுவத்துக்குப் போனார். மாயாவியை யார் வரைவது?

வில்சன் மெக்காய் என்பவர் வந்தார்.

ரே மூரின் படத்தில் இருட்டு அதிகம். நிழல் அதிகம். நள்ளிரவில் ஜன்னல் ஓரம் மாயாவி நின்றால், பார்க்கிறவர்களுக்கு முதுகுத் தண்டு சில்லிடும். மெக்காயின் படம் அப்படி அல்ல. கனத்த கோடு. பளிச்சென்ற வெளிச்சம். முகங்கள் எளியவை. குழந்தைகூட ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும்.

வாசகர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். மூருக்கு நிகர் யாரும் இல்லை என்றது ஒரு கட்சி. மெக்காயின் மாயாவிதான் எங்கள் மாயாவி என்றது மறு கட்சி. சிறு வயதில் யாருடைய படத்தை முதலில் பார்த்தார்களோ, அவரே சிறந்தவர்! இந்த வழக்குக்குப் பெரும்பாலும் தீர்ப்பு அவ்வளவுதான்.

யுத்த காலத்துச் செய்தி ஒன்றைப் பால்க் பெருமையோடு சொல்வது உண்டு. நார்வே நாட்டை நாஜிகள் பிடித்து இருந்தார்கள். அமெரிக்கா நாசமாகிவிட்டது என்று பிரசாரம் செய்தார்கள். ஆனால் மாயாவி கதை மட்டும் அங்கே வந்துகொண்டே இருந்தது. அமெரிக்கா அழிந்து இருந்தால் இந்தக் கதை எப்படி வரும் என்று நார்வே மக்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்களாம். மாயாவியின் பெயரே ரகசியப் படையினரின் அடையாளச் சொல்லாக இருந்ததாம்.

போர் முடிந்து மூர் திரும்பி வந்தாலும், அந்த வேலை மெல்ல மெல்ல மெக்காய்க்கே உரியது ஆயிற்று.

1961-ல் மெக்காய் காலமானார். மீண்டும் அதே கேள்வி. சிறிது காலம் பில் லிக்னான்டி என்பவர் ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு முழுப் பொறுப்பும் சை பாரி என்ற இளைஞரிடம் வந்தது.

பாரி கை வைத்ததும் மாயாவிக்கு இளமை திரும்பியது. தசை முறுக்கேறியது. காட்டு மரங்கள் நிஜ மரங்கள் ஆயின. நகரத்துக் காட்சி வந்தால் புது மாடல் கார் நிற்கும். மெக்காய் கட்சியார் முணுமுணுத்தார்கள். ஆனால் பாரி அசையவில்லை. 33 ஆண்டுகள் வரைந்தார்! 1994-ல்தான் ஓய்வு பெற்றார்.

மாண்ட்ரேக் கதையிலும் இதே நிலைமை. பில் டேவிஸ் 1964-ல் இறந்தார். 1965-ல் பிரெட் பிரெடரிக்ஸ் வந்தார்.

குறையும் உண்டு

பால்க்கின் கதைகளில் குறை இல்லாமல் இல்லை.

மாண்ட்ரேக்கின் தோழர் லோதார், ஆப்பிரிக்க நாட்டு இளவரசர். மிகுந்த பலசாலி. ஆனால் ஆரம்பத்தில் அவரை வேலைக்காரர் போல நடத்தினார்கள். சிறுத்தைத் தோலைச் சுற்றிவிட்டு, கொச்சைப் பேச்சுப் பேச வைத்தார்கள். ஓர் இளவரசரை இப்படியா காட்டுவது? வெள்ளைக்காரர் ஒருவர் கறுப்பு மக்களைக் காப்பதாக வரும் மாயாவி கதையின் மீதும் இந்தக் குற்றச்சாட்டு உண்டு. அது நியாயமானதே.

காலம் மாறியபோது பால்க் தம் கதையை மாற்றினார். பிரெடரிக்ஸ் வந்தபின் லோதாருக்கு நல்ல உடையும் நல்ல பேச்சும் வந்தன. அவர் மாண்ட்ரேக்கின் நண்பராகச் சமமாக நின்றார். ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்ற காலத்தில், மாயாவியின் நாட்டிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி வந்தார். அவர் பெயர் லமாண்டா லுவாகா. கறுப்பர். டாக்டர்.

மாயாவியின் நாடு முதலில் எங்கே இருந்தது? ஆசியாவில் ஏதோ ஒரு கடற்கரை ஓரம் போலத்தான் இருந்தது. அந்தக் கொள்ளைக்காரர்களின் கூட்டத்துக்கே சிங் கூட்டம் என்று பெயர்! பிறகு நாடு மெல்ல நகர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. அதன் பெயர் வங்காளத்தை நினைவுபடுத்துவது போல இருந்ததால், இந்தியப் பதிப்பில் டெங்காலி என்று மாற்றினார்கள்.

நாடு நாடாக

இந்தியாவில் 1964-ல் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியது. முதல் புத்தகமே மாயாவி கதைதான். பல இந்திய மொழிகளில் அந்தப் புத்தகங்கள் வந்தன. 1990-ல் இந்திரஜால் நின்றது. ராணி காமிக்ஸ், முத்து காமிக்ஸ் வழியாகவும் தமிழ்ப் பிள்ளைகள் மாயாவியைப் படித்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் 1948-ல் மாயாவிக்குத் தனிப் புத்தகம் வந்தது. சுவீடனில் 1950-ல் தனிப் பத்திரிகையே தோன்றியது. பாப்புவா நியூகினி மலைவாசிகள் தங்கள் போர்க் கேடயங்களில் மாயாவியின் உருவத்தை வரைந்துகொண்டார்கள். சாவில்லாதவர் படம் கேடயத்தில் இருந்தால் உயிருக்குக் காவல் என்று நினைத்தார்கள் போலும்.

சுவீடன் பத்திரிகைக்கு ஒரு கஷ்டம். பால்க் எழுதும் கதை போதவில்லை. வாசகர்களின் பசி அவ்வளவு பெரியது! ஆகவே 1963 முதல் அவர்களே தங்கள் எழுத்தாளர்களைக் கொண்டு தனியாக மாயாவி கதைகள் எழுதத் தொடங்கினார்கள். இது பின்னால் எப்படி உதவியது என்பதைக் காணலாம்.

டயானா என்ற பெண் முதல் கதையிலேயே வருகிறாள். மாயாவியின் காதலி. ஆனால் கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. வாசகர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்த பிள்ளைகள் தாத்தா ஆனார்கள். 41 ஆண்டுகள் கழித்து, 1977-ல் பால்க் மனம் இரங்கினார். கல்யாணம் நடந்தது. மாண்ட்ரேக்கும் லோதாரும் விருந்தாளிகளாக வந்து இருந்தார்கள்!

பிறகு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஓர் ஆண், ஒரு பெண். 22-வது மாயாவி தயார்.

யார் எழுதுவது?

பாரி ஓய்வு பெற்றபோது, பல ஆண்டு அவருக்கு உதவியாக இருந்த ஜார்ஜ் ஓல்சன் தினசரிப் படத்தைத் தொடர்ந்தார். கீத் வில்லியம்ஸ் அதற்கு மை தீட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் படம் பிரெடரிக்ஸ் கைக்குப் போயிற்று.

இவ்வளவு காலமும் வாசகர்கள் வாதாடியது ஒன்றைப் பற்றித்தான். யார் வரைவது? யார் எழுதுவது என்ற கேள்வியே எழவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பால்க் இருந்தார். 1936-ல் எழுதினார். 1956-ல் எழுதினார். 1996-ல் மாயாவி பற்றி அமெரிக்காவில் வண்ண சினிமாப் படம் வந்தபோதும் அவரே எழுதிக்கொண்டு இருந்தார். 85 வயது!

தம் பிள்ளையை யாரிடமும் ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை. சட்டப்படி பார்த்தால் அது அவர் பிள்ளையும் அல்ல. உரிமை கம்பெனியுடையது. அடுத்து எழுதுகிறவரை நியமிக்கும் அதிகாரமும் கம்பெனிக்கே. படைத்தவர் செய்யக்கூடியது, மூச்சு உள்ள வரை எழுதுவது ஒன்றுதான்.

அதைத்தான் அவர் செய்தார். நோய் முற்றியபோது இரண்டு மாயாவி கதைகள் பாதியில் நின்றன. ஒன்று தினசரிக் கதை. மற்றது ஞாயிற்றுக்கிழமைக் கதை. முகமூடியைக் கழற்றிவிட்டு அவர் சொன்னது அந்தக் கதைகளைத்தான்.

1999-ம் ஆண்டு மார்ச் மாதம் 13-ந் தேதி லீ பால்க் காலமானார்.

மாண்ட்ரேக்கை எழுதத் தொடங்கி 65-வது ஆண்டு. மாயாவியை எழுதத் தொடங்கி 64-வது ஆண்டு. அவரோடு வேலை செய்த முதல் ஓவியர்கள் எல்லோரும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பாதியில் நின்ற கதைகளை மனைவி எலிசபெத் முடித்துக் கொடுத்தார். அவர் நாடகத் துறையைச் சேர்ந்தவர். கணவரின் கடைசிக் காலத்தில் எழுத்து வேலையில் உதவி வந்தவர். எங்கே பால்க்கின் சொல் நிற்கிறது, எங்கே மனைவியின் சொல் தொடங்குகிறது என்று படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

வாசகர்கள் கவலைப்பட்டார்கள். கதை நின்றுவிடுமா? யாரோ ஒருவர் வந்து மாயாவியைக் கெடுத்துவிடுவாரா? பால்க் இல்லாத மாயாவி மாயாவியே அல்ல என்றனர் சிலர். கதையின் அஸ்திவாரமே தந்தைக்குப் பின் மகன் என்பதுதானே, எழுதுகிறவருக்கு மட்டும் வேறு சட்டமா என்றனர் வேறு சிலர்.

ஆள் கிடைத்த இடம் சுவீடன்! அந்த நாட்டு மாயாவிப் பத்திரிகைக்கு எழுதிப் பழகிய இருவரைக் கம்பெனி அழைத்தது. ஒருவர் டோனி டிபால். அமெரிக்கர். பத்திரிகை நிருபர். மற்றவர் கிளாஸ் ரெய்மெர்த்தி. சுவீடன்காரர். பால்க்கின் கதை போதவில்லை என்று தனியாக எழுதத் தொடங்கிய அந்தப் பத்திரிகையே, பால்க் இல்லாதபோது கை கொடுத்தது. பிற்காலத்தில் எழுத்துப் பொறுப்பு முழுவதும் டிபாலிடம் வந்தது.

மாண்ட்ரேக்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பால்க் மறைந்தபின் பிரெடரிக்ஸே கதையும் எழுதினார், படமும் வரைந்தார். 2013-ல் அவர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை. பழைய கதைகளையே கம்பெனி திரும்பப் போட்டது.

மாயாவி நிற்கவில்லை. 2005-ல் பால் ரையான் என்ற ஓவியர் தினசரிப் படத்தை எடுத்துக்கொண்டார். இவரும் சுவீடன் பத்திரிகைக்கு வரைந்தவர். தினமும் வரைந்தார். 2016-ம் ஆண்டு மார்ச் மாதம் திடீரென்று இறந்துவிட்டார். அந்த ஆண்டே மைக் மேன்லி என்பவர் பென்சிலை எடுத்தார். பழைய வாசகர்கள் ரையானின் படத்தையும் மேன்லியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தாடையையும் தோளையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.